டார்லீன் ஹூடாக்கின் மான் வாரம்

ஆல்டர் ஃபெர்ரியில் டார்லீன் ஹூடாக்கிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. மதுக்கடையில் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறவனிடம் போய், "அதக் கீழ வைடா, உங்கம்மா ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருக்கா" என்பாள். அவனும் வைத்துவிடுவான். அம்மா செத்து வருஷக்கணக்காகிறது என்பது அவனுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும்.

ஊர்க் காவல் நிலையத்தில் ஒன்பது பேர். அவள் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு உடை மாற்ற இடம் இல்லை என்று சாமான் அறையைக் காட்டினார்கள். போக்குவரத்துக் கூம்புகளுக்கும் கிறிஸ்துமஸ் தோரணங்களுக்கும் நடுவே நின்று மாற்றிக்கொண்டாள். இன்னும் அங்கேதான் மாற்றிக்கொள்கிறாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தால் போதும், மூலையில் ஒரு பிளாஸ்டிக் சாண்டா கிளாஸ் நின்று பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மான் வாரம்.

நவம்பர் மாதத் தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்த திங்கட்கிழமை கொம்பு மான் வேட்டை திறக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுவார்கள், வாத்தியார்களும் காட்டில்தானே இருப்பார்கள். வடக்கே மலையில் ஆளுக்கொரு மரக் குடில் உண்டு. கேம்ப் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையே பீரும் பன்றித் தொடையும் ஏற்றிக்கொண்டு ஆம்பிளைகள் போய்விடுவார்கள். அதில் முதல் நாள் காலைதான் முக்கியம். அன்றைக்கு மானுக்கு ஒன்றும் தெரியாது, பழகின தடத்தில் பழகினபடி நடந்து வரும். இரண்டு நாள் போனால் ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் யார் என்ன சோப்பு போட்டுக் குளித்தான் என்பதுவரை அதற்குத் தெரிந்துவிடும்.

டார்லீனுக்கு மலையில் அப்பா விட்டுப்போன கேம்ப் இருந்தது. ஓக் மரத்தில் தன் கையாலேயே பலகை அடித்துக் கட்டின பரண் இருந்தது. துப்பாக்கி சுடும் சோதனையில் வருஷா வருஷம் நிலையத்திலேயே அவள்தான் முதல். புருஷன் லென்னி கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். விரலில் ஊசி குத்தினாலே மயங்கி விழுகிற ஆள், ஆனால் மான்கறியை ஒயினில் ஊறப்போட்டு அவன் சமைத்தால் பாதிரியார் வாசனை பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். எல்லாம் இருந்தது. முதல் நாள் காலை மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் எப்போதும் சீருடையில் இருப்பாள்.

ஏனென்றால் அங்கே லீவு எடுக்க ஒரு முறை உண்டு. செப்டம்பர் மாதம் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்ததும், சவ அடக்கம் செய்கிற கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற, அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடிகிற காலண்டரைக் காபி மேசைக்கு மேலே ஆணியில் மாட்டுவார்கள். பக்கத்தில் ஒரு தச்சுப் பென்சில், நூலில் கட்டித் தொங்கும். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவர் முதலில் எழுதுவார். அவர் எழுதி முடித்தால்தான் அடுத்தவர் பென்சிலைத் தொடலாம். முறை வந்தவனுக்கு அன்று வேலை இல்லையென்றால் காலண்டரைக் கழற்றி அவன் வீட்டுக்கே எடுத்துப்போவார்கள், தாண்டிப் போகமாட்டார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பேர்தான் லீவில் இருக்கலாம். சொல்லவா வேண்டும், எல்லாருக்கும் மான் வாரம்தான் வேண்டும்.

முதல் பென்சில் ஸ்டஷ் நோவோட்னிக்கு. அடுத்தது கிளென் யூரிக்குக்கு. மூன்றாவது பெரிய ஆல். நாலாவது டார்லீன். அவள் கைக்குப் பென்சில் வரும்போது மான் வாரத்தின் இரண்டு கோடும் நிரம்பியிருக்கும். மார்ச் மாத மழையில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

"மார்ச்ல என்ன பண்ணப்போறே டார்லீன், குடை வேட்டையா?" என்பான் கிளென்.

"உன்னப் புதைக்க எடம் பாத்து வைக்கப்போறேன். மண்ணு அப்பதான் இளகியிருக்கும்" என்பாள் அவள்.

சண்டை கிடையாது. வரிசை வரிசைதான். தன் முறை வரும் என்று நின்றாள். பெரிய ஆல் மாரடைப்பில் போனான். கிளென் படி ஏறி சார்ஜென்ட் ஆனான். பிறகு பழைய சீஃப் இறந்ததும் கிளெனையே சீஃப் ஆக்கினார்கள். சீஃப் காவலர் சங்கத்தில் கிடையாது, அவருக்குப் பென்சிலும் கிடையாது, நினைத்தபோது லீவு. அதே கோடையில் ஸ்டஷும் ஓய்வு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க ஃப்ளோரிடாவுக்குப் போனான். பதினெட்டு வருஷம் கழித்து முதல் பென்சில் டார்லீன் கைக்கு வந்தது.

அந்த செப்டம்பரில் ஆணியில் காலண்டர் இல்லை.

ஆணிக்குக் கீழே, காபி மேசையில், காபித்தூள் டப்பா ஒன்று மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தது. சுவரில் ஒரு அறிவிப்பு: இனிமேல் லீவு குலுக்கல் முறையில், எல்லாருக்கும் சம வாய்ப்பு. கீழே கிளென் யூரிக்கின் கையெழுத்து.

அடுத்த நாள் காலை குலுக்கினார்கள். மான் வாரம் இரண்டு பேருக்கு விழுந்தது. ஒருவன் பெயர் ட்ராய். வேலைக்கு வந்து வருஷம்கூடத் திரும்பாத பையன், சீஃப்பின் மருமகன். டார்லீனுக்கு மார்ச்.

அவள் நேராக சீஃப் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சீஃப், அந்தக் காலண்டர் எங்க?"

"ஒக்காரு டார்லீன். காலம் மாறிப்போச்சு. சின்னப் பசங்க கேக்கறாங்க, நாங்க மட்டும் எப்பவுமே கடேசியான்னு. நியாயம்தானே?"

"நீயும் சின்னப் பையனாத்தான் இருந்தே. அப்ப ஒனக்கு அந்த நியாயம் ஞாபகம் வரலியே?"

"நான் இப்ப ஒனக்கு சீஃப். நீங்கன்னு சொல்லு."

"சரிங்க சீஃப். நீங்க சின்னப் பையனா இருந்தப்ப ஒங்களுக்கு அந்த நியாயம் எந்தப் பொந்துல ஒளிஞ்சிருந்துச்சு?"

கிளென் நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தலைக்குமேலே சுவரில், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் தலை பாடம் பண்ணி மாட்டியிருந்தது. அது ஒன்றுதான் அந்த அறையில் அவளை நேராகப் பார்த்தது.

சங்கத் தலைவன் மார்ட்டி ஓசெக். நல்லவன், ஆனால் எல்லாருக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிறவன். அவனுடைய சங்கடம் என்னவென்றால், சங்கத்தில் பாதிப் பேருக்கு டப்பா பிடித்திருந்தது. மீன் வறுவல் நடக்கும் வெள்ளிக்கிழமை, தேவாலயத்து நிலவறையில் தட்டோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"டார்லீன், பசங்க சொல்றதையும் கேளு. டப்பாவில அவங்களுக்கும் ஒரு சான்ஸ் இருக்குல்ல?"

"சான்ஸ் வேணும்னா லாட்டரி வாங்கச் சொல்லு. இது லீவு. நான் வரிசையில நின்னேன் மார்ட்டி. எனக்கு முன்னாடி நின்னவன் ஒவ்வொருத்தனும் எடுத்துட்டுப் போனதப் பாத்துக்கிட்டே நின்னேன். நான் டிக்கெட் ஜன்னல்கிட்ட வந்ததும் கதவச் சாத்துறான்."

"புரியுது. ஆனா பசங்க..."

"அந்தப் பசங்களும் ஒருநாள் ஜன்னல்கிட்ட வருவாங்க. அன்னிக்கு இருக்கற சீஃப்புக்கு ஒரு மருமகன் இருப்பான். அப்ப இவங்க யார்கிட்டப் போயி அழுவாங்க? ஒங்கிட்டயா? நீதான் அப்பவும் மீன் தின்னுக்கிட்டிருப்பே."

மார்ட்டி மீனைத் தட்டில் வைத்துவிட்டான். முறையீடு பதிவானது. ஊர் மன்றம் மறுத்தது. கடைசியில் நடுவரிடம் போக வேண்டியதாயிற்று. சங்கமும் மன்றமும் சேர்ந்து வெளியூர் ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், அவர் சொல்வதுதான் முடிவு. மேல் கோர்ட் கீழ் கோர்ட் என்று இழுக்க முடியாது. நடுவருக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும். அதுவரை உத்தரவை மீறக்கூடாது, செய்துவிட்டுத்தான் முறையிட வேண்டும், அதுதான் அங்கே எழுதாத சட்டம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விடலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"நான் பொய் சொல்லிட்டுப் போனா, அப்புறம் நான் சொல்றது எது உண்மை?" என்று கேட்டுவிட்டு டார்லீன் மான் வாரத்தில் சீருடையை மாட்டிக்கொண்டாள்.

ஊரே காலி. பெண்களும் கிழவர்களும் டார்லீனும் மட்டும். புகைபோக்கியில் தீப்பிடித்த வீட்டுக்குப் போனாள், தொலைந்த நாய் ஒன்றைத் தேடிப் பிடித்தாள், புருஷன் இல்லாத நேரத்தில் உடைந்த வெந்நீர்க் குழாயை ஒருத்திக்கு அடைத்துக்கொடுத்தாள். அது போலீஸ் வேலை இல்லைதான், ஆனால் தண்ணீர் காத்திருக்குமா? ட்ராய் மலையிலிருந்து ஒரு குட்டிக் கொம்பு மானை வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு வந்து, நிலையத்து வாசலிலேயே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டான். டார்லீன் வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாருக்குடா. பால் குடிக்கறத நிறுத்திருச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

விசாரணைக்குத் தேதி கிடைத்த வாரம், கிளென் அவள் வீட்டுக்கு வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. மான்கறி சாஸேஜ் ஒரு பொட்டலம். லென்னி அடுப்பில் பியரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். கிளெனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டான்.

"இங்க பாரு டார்லீன், நாம ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. இந்த வருஷம் நீ மலைக்குப் போ. நான் பாத்துக்கறேன். ஒன் சீட்டு வரும்."

"டப்பாவிலேருந்தா?"

"ஆமா."

"எப்படி வரும்? ட்ராய்க்கு வந்துச்சே, அப்படியா?"

கிளெனின் காது சிவந்தது. "நான் ஒனக்கு நல்லது பண்ண வந்தேன். முறையீட்ட வாபஸ் வாங்கிக்க, ஒனக்கு மான் வாரம். இனி வருஷா வருஷம். எழுதித் தர முடியாது, வார்த்தை தர்றேன்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களப் பத்தி ஒனக்கு என்ன கவலை?"

டார்லீன் எழுந்து சாஸேஜ் பொட்டலத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "நீ குடுத்தா அது லீவு இல்ல கிளென், பிச்சை. என்னோடத எடுத்து எனக்கே பிச்சை போட வந்திருக்கே. வாசல் எங்கன்னு தெரியுமில்ல?"

அவன் போன பிறகு லென்னி வாயைத் திறந்தான். "சாஸேஜயாவது வாங்கி வச்சிருக்கலாம்."

"லென்னி."

"இல்ல, சும்மா சொன்னேன். ஆனா நெஜமாவே கேக்கறேன், நாளைக்கு அங்க தோத்துட்டா? இதுவும் போச்சு, அதுவும் போச்சு. பென்ஷன் வாங்கறவரைக்கும் மார்ச்சுதான்."

"தோத்தா தோத்தேன்னு நிப்பேன். அவன் தயவுல பரண் மேல ஏறி ஒக்காந்தா எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கை வராது" என்றாள் டார்லீன். "வெங்காயம் கருகுது பாரு."

மறுநாள் சங்கத்து வக்கீல் ப்ரூமனிடம் இதைச் சொன்னாள். அவர் கண் மின்னியது, உடனே அணைந்தும் போனது. "சமரசம் பேசினத நடுவர்கிட்ட எடுக்கக் கூடாதும்மா. அது இந்த வேலையில பரம்பரை வழக்கம். எடுத்தா நம்ம மேலதான் கோபப்படுவாங்க. வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வேறு என்ன இருக்கிறது? பழைய காலண்டர்கள் ஆகஸ்ட் முடிந்த மறுநாளே குப்பைக்குப் போயிருந்தன. பழைய சீஃப்பும் பெரிய ஆலும் கல்லறையில். ஸ்டஷுக்கு ஃபோன் போட்டால், இங்க இப்ப மீன் நல்லா கடிக்குது, அடுத்த மாசம் கூப்பிடு என்றான்.

விசாரணை ஊர் மன்றக் கட்டடத்தில் நடந்தது. வெப்பக் குழாய் யாரோ உள்ளே அடைபட்டு அடித்துக்கொள்கிற மாதிரி சத்தம் போடுகிற அறை. நடுவர் ஹெலன் ஃபர்கஸன், ஈரி ஏரிப் பக்கத்திலிருந்து தானே வண்டியோட்டி வந்திருந்தார். நரைத்த அம்மாள். தன் முதுகுக்குத் தலையணை, தன் மதியத்துக்கு முட்டை சாண்ட்விச், எல்லாம் கையோடு.

"ஒண்ண முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு மானப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஒருதடவ என் கார இடிச்சதத் தவிர. பொறுமையா சொல்லுங்க" என்றார்.

கேள்வி ஒன்றுதான். ஒப்பந்தத்தில் லீவு எத்தனை வாரம் என்று இருக்கிறது, யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்று இல்லை. அப்படியானால் அந்த ஊரில் நெடுநாளாக நடந்துவந்த வழக்கம் என்ன? மூத்தவர் முதலில் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டு நடந்த வழக்கம்தான் என்றால், சீஃப் தன்னிஷ்டத்துக்கு அதைக் கலைக்க முடியாது. அப்படி ஒரு வழக்கமே இல்லையென்றால், டப்பா இருந்துவிட்டுப் போகலாம்.

டார்லீன் சாட்சி சொன்னாள். மார்ட்டியும் சொன்னான். "சங்கத் தலைவர் சங்கத்துக்குச் சாதகமாத்தானே சொல்லுவார்" என்று மன்றத்து வக்கீல் தோளைக் குலுக்கினார். பிறகு கிளென் நாற்காலியில் உட்கார்ந்தான். சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அப்படி ஒரு மொறையே கெடையாது. பழைய சீஃப் அவருக்குத் தோணினபடி குடுப்பாரு. காலண்டரு சும்மா ஒரு வசதிக்கு மாட்டினது. பென்சில யாரு வேணும்னாலும் எடுப்பாங்க."

டார்லீன் மேசைக்கடியில் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவன் பென்சில் முறைக்காகப் பெரிய ஆலோடு மல்லுக்கு நின்றதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பொய் சொல்கிறவன் முகம் அவளுக்குத் தெரியும், அது அவள் தொழில். ஆனால் இவன் முகத்தில் அது இல்லை. நடந்ததே இல்லை என்று தானே நம்பிவிட்டான். அதை எப்படி உடைப்பது?

இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் காபி இயந்திரத்துக்கு முன்னால் கிளென் நின்றிருந்தான். டார்லீன் அவன் பக்கத்தில் போய்க் கோப்பையை எடுத்தாள்.

"சீஃப், அந்தப் பத்துக் கிளைக் கொம்பு மானு..."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. அத சுட்டது ஸ்டஷ்தான்னு கேம்ப்புல பேசிக்கறாங்க. நீங்க கயித்தப் புடிச்சு இழுத்துட்டு மட்டும் வந்தீங்களாம்."

"எவன் சொன்னான்?"

"மலை பூரா சொல்றாங்க. நான் நம்பல" என்று சொல்லிவிட்டுக் காபியில் நிதானமாகச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். "ஆனா யோசிச்சுப் பாத்தா, ஒங்க குறி எனக்குத் தெரியுமே."

கிளென் காபி எடுக்காமலே உள்ளே போனான். டார்லீன் ப்ரூமனின் காதருகே குனிந்து ஒரே ஒரு கேள்வியைச் சொன்னாள். ப்ரூமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"நீங்க காட்டுக்குப் போனதுண்டா?"

"இல்ல."

"அப்ப கேளுங்க."

மறுபடி உட்கார்ந்ததும் ப்ரூமன் தொண்டையைச் செருமினார். "சீஃப் யூரிக், ஒங்க அறையில ஒரு மான் தல இருக்கே, அத சுட்டது ஸ்டஷ் நோவோட்னிங்கறது உண்மைதானா?"

மன்றத்து வக்கீல் எழுந்தேவிட்டார். "இதுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கும் தெரியல. இருக்கட்டும், எவ்வளவு பெறுமோ அவ்வளவுக்கு எடுத்துக்கறேன்" என்றார் நடுவர்.

கிளென் வக்கீலைப் பார்க்கவே இல்லை.

"ஸ்டஷ்ஷா? ஸ்டஷ் அன்னிக்கு மலையிலயே கெடையாது! அந்த வருஷம் அவன் பொண்ணுக்குக் கல்யாணம். ஜூன் மாசத்த எழுதிட்டான், மான் வாரத்த விட்டுட்டான். பென்சில் எங்கிட்ட வந்துச்சு. எத்தன வருஷமா ரெண்டாவதா நின்னுக்கிட்டிருந்தேன் தெரியுமா? அன்னிக்கு மான் வாரத்துல மொதக் கோட்டுல எம் பேரு. அடுத்தாப்ல பெரிய ஆலு. நாங்க ரெண்டே பேரு மேல போனோம். ஆலு குறட்ட விட்டுத் தூங்கறான், நான் இருட்டுலயே போயி நீரோடைக்கு மேல ஒக்காந்தேன். பனின்னா அப்படி ஒரு பனி. ரெண்டு பொட்டை முன்னாடி போவுது. நான் மூச்சு விடல. பின்னாடி வர்றான் பாருங்க, தலைய ஆட்டிக்கிட்டு, காட்டயே எழுதி வாங்கினவன் மாதிரி! ஒரே குண்டு. ஒரே குண்டு! ஸ்டஷ் சுட்டானாம்!"

நடுவர் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"அருமை. ஒரு சின்ன சந்தேகம். ஸ்டஷ் எழுதினதுக்கப்புறம் பென்சில் ஒங்ககிட்ட வந்துச்சு. ஒங்களுக்கப்புறம்?"

"ஆலு."

"அவருக்கப்புறம்?"

"டார்லீன். அவ அப்ப மார்ச் எடுத்தா."

"எந்தக் கணக்குல அப்படி வரும்?"

"எந்தக் கணக்கா? யாரு மொதல்ல வேலைக்கு வந்தாங்களோ அவங்க மொதல்ல. வேற என்ன..."

அவன் வாய் அங்கேயே நின்றது. மன்றத்து வக்கீல் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டார். மார்ட்டி இருமுவது போலக் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தான். டார்லீன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வேட்டைக்காரனிடமிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம், அவன் மானைத் தவிர. கிளென் அவள் பக்கம் திரும்பினான். கோபம்கூட இல்லை, விழுந்தவன் முகம்.

"நீதான சுட்டே கிளென்" என்றாள் அவள், மெதுவாக. "எனக்குத் தெரியும்."

தீர்ப்பு வசந்த காலத்தில் வந்தது. காலண்டரை மாட்டு, பழைய வரிசைப்படி எழுது, டப்பாவை எடு. இழந்த மான் வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்றும் நடுவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். டார்லீன் ஒருதரம் படித்துவிட்டு மடித்து லென்னியின் சமையல் புத்தகத்துக்குள் செருகினாள்.

செப்டம்பரில் ஆணியில் காலண்டர் தொங்கியது. புது நூல், அதே பல் பதிந்த பென்சில். எட்டுப் பேரும் காபி குடிக்கிற சாக்கில் சுற்றி நின்றார்கள். ட்ராய் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கிளென் கதவருகே வந்து நின்றான்.

"டார்லீன், யோசிச்சு எழுது. நீயும் மார்ட்டியும் ஒரே வாரத்துல போனா ரோந்துக்குப் பழகின ஆள் பத்தாது. நான்தான் வண்டி எடுக்கணும். நானும் கேம்ப்புக்குப் போகணுமில்ல?"

"வண்டியில ஹீட்டர் பொத்தான் ரெண்டுதடவ அழுத்தினாத்தான் வேல செய்யும், சீஃப்" என்றாள் டார்லீன். "பிளாஸ்க்கு எடுத்துட்டுப் போங்க."

மான் வாரத்தின் முதல் கோட்டில் பெயரைப் பெரிதாக எழுதினாள். அடுத்து மார்ட்டி. பென்சில் வரிசையாகக் கை மாறிக் கடைசியில் ட்ராயிடம் போனது. அவன் மார்ச்சை எழுதினான்.

"நல்ல மாசம்டா, எனக்கு அது அத்துப்படி. எங்க ஒழுகாம நிக்கலாம்னு வந்து கேளு, சொல்றேன்" என்றாள் அவனிடம்.

முதல் நாள் காலை அவள் பரணில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு ஜாக்கெட், மடியில் துப்பாக்கி, பையில் லென்னி கட்டிக்கொடுத்த ஹலுப்கி. முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறி, குளிரில் கல்லாகிவிட்டது. விடிந்தது. அணில் வந்தது, மரங்கொத்தி வந்தது. தூரத்தில் மற்றவர்கள் சுடுகிற சத்தம் மலையில் பட்டுப் பட்டு வந்தது. அவள் பக்கம் ஒரு மான் வாலைக்கூடக் காட்டவில்லை. மறுநாளும் இல்லை. வாரம் முழுக்க அப்படியே போயிற்று. கால் விரல் மரத்துப்போய், மூக்கு ஒழுகி, கல்லாகிப்போன ஹலுப்கியைக் கடித்துக்கொண்டு, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட முன்னதாக இறங்கவில்லை.

வேலைக்குத் திரும்பின அன்று கிளென் காபி மேசையில் காத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன, வெறுங்கையா?"

"வெறுங்கைதான்."

"கேளு டார்லீன். மொத நாள் காலையில நான் பாலத்துகிட்ட வண்டிய நிறுத்தியிருக்கேன். சவ அடக்கக் கம்பெனி வாசல்ல, கார் நிறுத்தற எடத்துல, பன்னெண்டு கிளைக் கொம்போட ஒரு மானு. பன்னெண்டு! எண்ணிட்டேன். நின்னு புல்லு மேயுது. நான் சீருடையில, இடுப்புல கைத்துப்பாக்கிய வச்சிக்கிட்டு, ஊருக்கு நடுவுல. என்னப் பாத்துச்சு. அப்படியே நடந்து போச்சு."

டார்லீன் தனக்குக் காபி ஊற்றிக்கொண்டாள். அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றி முன்னால் தள்ளினாள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"வடக்கே. மலைப் பக்கம்."

"அப்ப அது என்னோடது" என்றாள். "அடுத்த வருஷமும் மொதப் பென்சில் நான்தான்."